எத்தனை சதவீதம் என்பதோடு, எத்தனை பேரில் என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் நீலகிரி மாவட்டத்தில் பந்தலூர், கூடலூர் பகுதிகளில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் பக்கத்து மக்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் சுல்தான் பத்தேரி, பெரிந்தல்மண்ணா, கோழிக்கோடு. ஊட்டி ஏறிக் கோவைக்கு இறங்குவதைவிட அதுதான் வசதி. பெண் கொடுத்ததும் எடுத்ததும் அந்தப் பக்கம் உண்டு. அதனால் கேரளத்தில் புதுக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், தமிழ்நாட்டில் முதலில் கலங்குவது எங்கள் வட்டாரம்தான்.

2018 முதல் கேரளத்தில் அவ்வப்போது தலைகாட்டும் நிபா வைரஸ் காய்ச்சல் பற்றி வந்த தமிழ்ச் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். உங்கள் நாளிதழ் உட்பட எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருக்கிறது. ‘இந்த வைரஸ் தாக்கினால் 75 சதவீதம் பேர் இறந்துவிடுவார்கள்.’ சில நாள் அது 70, சில நாள் 90. எதுவும் யாரோ கற்பனையாக எழுதியது அல்ல, ஏதோ ஓர் ஆய்வில் இருந்து எடுத்த எண்தான். ஆனால் எத்தனை பேரில் எடுத்த கணக்கு, எந்த வழியாகப் பரவுகிறது, நோயாளி எந்த நாளில் இருந்து பரப்புவார் என்ற மூன்றும் பக்கத்தில் இல்லாமல் அந்த எண் மட்டும் தனியாக அச்சாகும்போது அது ஊருக்குள் என்ன செய்யும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

2018 மே மாதக் கடைசி. ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருந்த பெண்ணைப் பற்றிக் கிராம சுகாதார செவிலியர் எனக்குத் தகவல் சொன்னார். அந்தப் பெண் அப்பாவின் இதயச் சிகிச்சைக்காகக் கோழிக்கோட்டில் துணைக்கு இருந்துவிட்டு வந்தவர். ‘கோழிக்கோடு’ என்ற ஊர்ப்பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது. குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் மற்றவர்கள் நகர்ந்துகொள்கிறார்கள். பிள்ளையைப் பள்ளியில் இருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் போனபோது அந்தம்மா முதலில் சொன்னது இதைத்தான்: “சார், எங்க வீட்ல யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்ல. பால்காரண்ணன் பாத்திரத்தை வாசப்படியில வைக்கச் சொல்லிட்டு, எட்ட நின்னு மேல இருந்து ஊத்துறாரு. பாதி பால் கீழே போகுது.”

வாசற்படியில் பால் சிந்திய தடம் காய்ந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

நான் உட்கார்ந்து வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். எந்தத் தேதியில் போனீர்கள், எந்த வார்டு, பக்கத்துக் கட்டிலில் இருமலோடு யாராவது இருந்தார்களா, ஸ்கேன் எடுக்க எங்கே காத்திருந்தீர்கள், யாருடைய வாந்தியையோ சளியையோ துடைத்தீர்களா, என்றைக்கு ஊர் திரும்பினீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் வாங்கிப் பார்த்தேன். அவர்கள் ஏப்ரல் மாதமே வீடு வந்துவிட்டார்கள். அந்த ஆண்டு நிபாவின் முதல் நோயாளி காய்ச்சலில் விழுந்ததே மே மாதத் தொடக்கத்தில்தான். இவர்கள் இருந்தது தொற்று நடந்த மருத்துவமனையும் அல்ல. அப்படியே ஒரு வாதத்துக்கு ஏதோ ஒட்டிக்கொண்டது என்று வைத்தாலும், அந்தப் பரவலில் தொற்றியதில் இருந்து காய்ச்சல் வருவதற்கு ஆன காலம் 6 முதல் 14 நாள். ஒரு மாதம் முடிந்து இவர்கள் நன்றாக இருக்கிறார்கள். இந்த வீட்டில் நிபா இருக்க வழியே இல்லை.

அப்புறம் பால்காரரைப் பார்க்கப் போனேன். நல்ல மனிதர், வேண்டுமென்று யாரையும் ஒதுக்குகிறவர் இல்லை. அவர் கையில் செய்தித்தாள் இருந்தது. “நூத்துக்கு எழுபத்தஞ்சு பேரு செத்துருவாங்கன்னு போட்டிருக்கே சார். நம்ம லைன்ல நூறு குடும்பம் இருக்கு” என்றார்.

ஐயா, அந்த மனிதர் அதைப் படித்த விதம் இதுதான்: ஊரில் நூறு பேர் இருந்தால் எழுபத்தைந்து பேர் போய்விடுவார்கள். அவரைப் போலப் படித்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நோய் வந்தவர்களில் எத்தனை பேர் இறப்பார்கள் என்பது ஒரு கேள்வி. ஊரில் எத்தனை பேருக்கு நோய் வரும் என்பது வேறொரு கேள்வி. ஒரு புது வைரஸ் வந்தால் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், இரண்டுக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும். தலைப்பில் முதல் கேள்வியின் பதில் மட்டும் வருகிறது. படிப்பவர் அதையே இரண்டாவது கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொள்கிறார்.

2018-ல் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். பேராம்பரா பக்கத்தில் ஒரு இளைஞரிடம் இருந்து தொடங்கியது. பின்னால் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில் மொத்தம் 23 நோயாளிகள் என்று கணக்கு. அதில் ஆய்வகத்தில் உறுதியானவர்கள் 18 பேர். பிழைத்தவர்கள் 2 பேர். அதாவது 91 சதவீத இறப்பு. உடல் நடுங்கும் எண்தான். ஆனால் அதே கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது: முதல் நோயாளியைத் தவிர மற்ற எல்லோருக்கும் தொற்றியது மருத்துவமனைகளில் வைத்துத்தான். பேருந்தில் அல்ல, சந்தையில் அல்ல. இருமலோடு மோசமான நிலையில் இருந்த நோயாளியின் அருகே இருந்தவர்கள், அவரைக் கவனித்துக்கொண்டவர்கள், அதே இடத்தில் காத்திருந்தவர்கள். பேராம்பரா தாலுகா மருத்துவமனையில் அந்த இளைஞரைப் பார்த்துக்கொண்ட செவிலியர் லினி மே 21 அன்று இறந்தார். என்ன நோய் என்றே தெரியாத ஒருவரை இரவெல்லாம் கவனித்த பெண் அவர். கிராம சுகாதார செவிலியர்களோடு காலமெல்லாம் வேலை பார்த்தவன் என்பதால், அவரைப் பற்றி எழுதும்போது இன்றும் கை நிற்கிறது.

இரண்டாயிரத்துக்கும் அதிகமான பேரைத் தொடர்புப் பட்டியலில் வைத்துக் கேரளத்து ஊழியர்கள் கண்காணித்தார்கள். ஜூன் தொடங்கியதும் புது நோயாளிகள் வருவது நின்றுவிட்டது. நிரூபிக்கப்பட்ட மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. இருமும் நோயாளியைத் தனியே வைத்தது, கவனிப்பவர்களுக்கு முகக்கவசமும் கையுறையும் கொடுத்தது, தொடர்பில் இருந்தவர்களை வீட்டில் இருக்கச் சொன்னது, இவ்வளவுதான். இவ்வளவுக்கு அடங்கியதே, அது எவ்வளவு குறைவாகத் தொற்றும் நோய் என்பதற்கு ஒரு அளவு. அந்தத் தகவலுக்கும் 91 சதவீதத்துக்கும் ஒரே எழுத்து அளவு கொடுத்திருந்தால், எங்கள் பால்காரர் பாத்திரத்தோடு பாத்திரம் சேர்த்தே பால் ஊற்றியிருப்பார்.

2023 செப்டம்பரில் மறுபடி கோழிக்கோட்டில் வந்தது. உறுதியானவர்கள் 6 பேர், இறந்தவர்கள் 2 பேர். அந்தக் கணக்கில் 33 சதவீதம். இறந்தவர் ஒருவரின் 9 வயது மகன் வென்டிலேட்டர் வரை போய்ப் பிழைத்து வந்தான். 2019-ல் எர்ணாகுளத்தில் ஒரே ஒரு மாணவர், அவர் பிழைத்தார். 2021-ல் ஒரே ஒரு சிறுவன், பிழைக்கவில்லை. அந்த ஆண்டுக் கணக்கை எழுதினால் இறப்பு விகிதம் 100 சதவீதம்! 2019-க்கு எழுதினால் பூஜ்ஜியம். ஒருவர், இருவர், ஆறு பேர் என்று இருக்கும்போது சதவீதம் போடுவதே சரியில்லை. ‘6 பேரில் 2 பேர்’ என்று எழுதிவிட்டால் போதும். வாசகருக்குத் தானே புரியும். அடுத்த நோயாளி எப்படி ஆவார் என்பதை இதை வைத்துச் சொல்ல முடியாது என்பதும் புரியும்.

இந்த வைரஸ் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புது நோய் வரும்போது அது எப்படிப் பரவுகிறது என்ற கேள்விக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்பது அதில் விளங்கும். 1998 கடைசியில் மலேசியாவின் ஈப்போ வட்டாரத்தில் பன்றிப் பண்ணை ஆட்களுக்கு மூளைக் காய்ச்சல் வந்தது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவு செய்து கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கும் பரவியது. கொசுவால் வரும் மூளைக் காய்ச்சல் என்றால் குழந்தைகளைத்தானே அதிகம் பிடிக்க வேண்டும்? இதில் படுத்தவர்கள் பெரும்பாலும் பன்றியோடு புழங்கிய வளர்ந்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களுக்கும் வந்தது. பன்றிகளும் இருமிக்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் ஒரு நோயாளியின் மாதிரியில் இருந்து புது வைரஸைப் பிரித்தெடுத்தார். சுங்கை நிபா என்ற கிராமத்தின் பெயரே அதற்கு வந்தது. பன்றிகளைப் பெருமளவில் அழித்தார்கள், 10 லட்சத்துக்கும் மேல். நோய் நின்றது. அந்த நாட்டில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு வந்தது, ஒருவர் இறந்தார்.

அங்கே இறப்பு 40 சதவீதம் அளவு. மனிதரிடம் இருந்து மனிதருக்குப் பரவியது அபூர்வம். 2001-ல் சிலிகுரியில் 66 பேருக்கு வந்து 45 பேர் இறந்தபோது, நோயாளிகளில் முக்கால்வாசிப் பேர் மருத்துவமனை ஊழியர்கள் அல்லது நோயாளியைப் பார்க்க வந்தவர்கள். அது நிபாதான் என்பதே பின்னால் மாதிரிகளை ஆய்வு செய்தபோதுதான் தெரிந்தது. வங்கதேசத்தில் ஈச்ச மரத்தில் இறக்கிய சாற்றைக் காய்ச்சாமல் பச்சையாகக் குடித்தவர்களுக்கு வந்தது. இரவில் கலயத்தில் வௌவால் வாய் வைத்த சாறு. ஒரே பெயர் கொண்ட வைரஸ், மூன்று ஊரில் மூன்று வழி. வைரஸின் வகையும் கொஞ்சம் வேறு. ‘நிபாவின் இறப்பு விகிதம்’ என்று ஒற்றை எண் எழுதும்போது இதெல்லாம் காணாமல் போகிறது.

பரவும் தன்மைக்கு வருகிறேன். கொரோனா காலத்தில் ‘ஆர் எண்’ என்று அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்ற எண் அது. வங்கதேசத்தில் 2001 முதல் 2014 வரை வந்த 248 நிபா நோயாளிகளை ஆராய்ந்து 2019-ல் ஒரு கட்டுரை வந்தது. அதில் அந்த எண் 0.33. அதாவது 100 பேருக்கு நோய் வந்தால் அவர்களால் 33 பேருக்கு வரும். அந்த 33 பேரால் 11 பேருக்கு, அவர்களால் 4 பேருக்கு, அப்புறம் ஒருவர், அதோடு அணைந்துவிடும். கொரோனா 2019 கடைசியில் வூகானில் தொடங்கியபோது அந்த எண் 2-க்கும் 3-க்கும் நடுவில். வெறும் 2 என்று வைத்தாலே ஒருவர் 2 ஆகி, 4 ஆகி, பத்தாவது சுற்றில் 1,024 பேர். இருபதாவது சுற்றில் 10 லட்சத்துக்கு மேல். தட்டம்மைக்கு 12 முதல் 18 என்று சொல்வார்கள். அதனால்தான் தட்டம்மைத் தடுப்பூசியில் ஒரு குழந்தையைக்கூட விடக் கூடாது என்று வீடு வீடாக ஏறி இறங்குவோம்.

ஆனால் சராசரிக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த 248 பேரில் பெரும்பாலோர் யாருக்குமே கொடுக்கவில்லை. மூச்சுத் திணறலோடு இருந்த, 45 வயதைத் தாண்டிய நோயாளிகள்தான் அதிகம் கொடுத்தார்கள். 2015-ல் தென்கொரியாவுக்கு மெர்ஸ் என்ற இன்னொரு வைரஸ் காய்ச்சல் போனபோது 186 பேருக்கு வந்தது, 38 பேர் இறந்தார்கள். அதில் 80 பேருக்கு மேல் ஒரே மனிதரிடம் இருந்து, நெரிசலான ஒரு அவசர சிகிச்சைப் பிரிவில் வாங்கியவர்கள். ஆகவே நிபா அவ்வளவாகப் பரவாது என்று நான் எழுதுவதை வைத்து யாரும் அலட்சியமாக இருக்க வேண்டாம். இந்த நோயில் ஊருக்கு ஆபத்து குறைவு, நோயாளியின் கட்டிலருகே இருப்பவருக்கு ஆபத்து மிக அதிகம். எச்சரிக்கை யாருக்குத் தேவையோ அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். நம் ஆஸ்பத்திரிகளில் ஒரு நோயாளிக்கு மூன்று பேர் துணைக்கு இருப்பது வழக்கம். வாந்தி எடுத்தால் மகளோ மருமகளோ வெறுங்கையால் முந்தானையில் துடைத்துவிடுவார். அந்தப் பெண்ணுக்குத்தான் இந்தச் செய்தி வேண்டும். ‘75 சதவீதம்’ என்ற தலைப்பில் அவருக்கு உதவும்படி ஒரு வரிகூட இல்லை.

குறைவாகக் கொல்லும் நோய் அதிகம் பேரைக் கொல்லக்கூடும் என்பதற்கு நாம் வாழ்ந்து பார்த்ததே சாட்சி. 2002-03-ல் வந்த சார்ஸும், 2019-ல் வந்த கொரோனாவும் நெருங்கிய உறவுள்ள வைரஸ்கள். சார்ஸ் 8,096 பேருக்கு வந்து 774 பேரைக் கொன்றது, பத்தில் ஒருவர். 2003 ஜூலையோடு அடங்கிவிட்டது. கொரோனா தொற்றியவர்களில் மொத்தமாகப் பார்த்தால் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இறந்தார்கள். ஆனால் நாடுகள் கணக்குக் காட்டிய இறப்பே 70 லட்சம். 2020, 2021 இரண்டு ஆண்டுகளில் மட்டும் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறக்குறைய ஒன்றரைக் கோடிப் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? சார்ஸ் நோயாளி அதிகமாகப் பரப்பியது காய்ச்சல் வந்து இரண்டாவது வாரத்தில். அதற்குள் அவர் படுத்த படுக்கை, மருத்துவமனையில் இருப்பார், தனிமைப்படுத்திவிடலாம். கொரோனா நோயாளியோ காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே, நன்றாக நடமாடிக்கொண்டு, கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தபடி பரப்பினார். எங்கள் சோதனைச் சாவடியில் நெற்றிக்கு நேரே வெப்பமானியைப் பிடித்தால் அவருக்குச் சூடே காட்டாது. நாடுகாணியில் பேருந்தை நிறுத்தி ஒவ்வொருவராகப் பார்த்தோம். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. காய்ச்சலோடு வருபவரிடம் ‘எங்கிருந்து வருகிறீர்கள், யாரைப் போய்ப் பார்க்க வேண்டும்’ என்று பேச அங்கே ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் ‘எல்லையில் தீவிர சோதனை’ என்ற படத்தைப் பார்த்துவிட்டு நோய் உள்ளே வராது என்று மக்கள் நம்பினார்கள். எந்த நாளில் இருந்து பரப்புவார் என்ற ஒரு தகவலையும் சேர்த்து எழுதியிருந்தால் அந்தச் சோதனை எதைப் பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பது விளங்கியிருக்கும்.

புது நோயின் முதல் வாரங்களில் வரும் இறப்பு விகிதம் எப்படியும் மாறும். மேலேயும் போகும், கீழேயும் போகும். சார்ஸ் காலத்தில் முதலில் 4 சதவீதம் என்றார்கள். 2003 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 14 முதல் 15 சதவீதம் என்று திருத்தியது. வைரஸ் கடுமையாகிவிட்டது என்று அப்போது பலர் பயந்தார்கள். நடந்தது அதுவல்ல. நோயாளிகளில் நிறையப் பேர் அப்போது இன்னும் கட்டிலில் இருந்தார்கள். அவர்கள் பிழைப்பார்களா மாட்டார்களா என்று தெரியும் முன்பே, அதுவரை இறந்தவர்களை மட்டும் மொத்த நோயாளிகளால் வகுத்துவிட்டார்கள். பாதி விடைத்தாளைத் திருத்தாமல் வைத்துக்கொண்டு தோல்வி சதவீதம் சொல்வது மாதிரி. கடைசிக் கணக்கில் 9.6 என்று நின்றது.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2009-ல் மெக்சிகோவில் பன்றிக் காய்ச்சல் தொடங்கியபோது, மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும்தான் எண்ண முடிந்தது. வீட்டில் கஷாயம் குடித்துவிட்டு எழுந்து வேலைக்குப் போனவர்கள் கணக்கில் இல்லை. அதனால் பெரிய கொலைகார நோயாகத் தெரிந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது இறப்பு ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

நம் மாநிலத்திலேயே இது நடந்தது. 2020 அக்டோபர், நவம்பரில் தமிழக அரசு ரத்த மாதிரி எடுத்து ஒரு ஆய்வு நடத்தியது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கொரோனா வந்துபோன அடையாளம் இருந்தது. கணக்குப் போட்டால் 2 கோடிக்கு மேல். அந்த நேரத்தில் பரிசோதனையில் உறுதியானவர்கள் 7 லட்சத்துச் சொச்சம். சுமார் 30 மடங்கு பேர் கணக்குக்கு வெளியே இருந்திருக்கிறார்கள். அப்போது அரசுக் கணக்கில் இறப்பு 11,000-ஐத் தாண்டியிருந்தது. உறுதியானவர்களை வைத்து வகுத்தால் நூற்றில் ஒன்றரைப் பேர். ஆய்வுக் கணக்கை வைத்து வகுத்தால் 2,000 பேருக்கு ஒருவர். இறப்பிலும் பதிவாகாமல் போனவை உண்டு என்பதால் உண்மை அதற்கு மேலே எங்கோ இருக்கும். அதே ஆய்வில் பெரம்பலூரில் பாதிப் பேருக்கு வந்துபோயிருந்தது, எங்கள் நீலகிரியில் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். 2021 மே மாதம் இரண்டாவது அலை வந்தபோது, நமக்குத்தான் ஏற்கெனவே வந்துபோய்விட்டதே என்று மலையில் பலர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டவன் நான். மாநிலச் சராசரியைத் தங்கள் ஊர்க் கணக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். மாவட்டப் பட்டியலை யாரும் எளிதாக எடுத்துப் போடவில்லை.

வௌவால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018-ல் முதலில் அந்த வீட்டுக் கிணற்றில் இருந்த வௌவால்கள்தான் காரணம் என்று செய்தி வந்தது. சில நாளில் ‘வௌவாலில் வைரஸ் இல்லை’ என்று இன்னொரு செய்தி. பரிசோதித்தது பூச்சி தின்னும் சிறு வௌவால்களை. பிறகு பழந்தின்னி வௌவால்களைப் பிடித்துப் பார்த்தபோது சிலவற்றில் வைரஸ் இருந்தது. இந்த மூன்றாவது செய்தி வருவதற்குள் கூடலூர்ச் சந்தையில் கொய்யா விற்கும் அம்மாவுக்கு வியாபாரமே படுத்துவிட்டது. வௌவால் தங்கும் மரங்களை வெட்டலாமா என்று கேட்டுக்கொண்டும் ஆட்கள் வந்தார்கள். கடித்த பழத்தை எறியுங்கள், மற்றதைக் கழுவித் தோல் சீவிச் சாப்பிடுங்கள், கள்ளோ பதநீரோ இறக்கினால் கலயத்தை மூடிக் கட்டுங்கள், மரத்தை வெட்டி வௌவாலைக் கலைக்காதீர்கள் என்று ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தோம். நான்கு வரியில் நாளிதழ் சொல்லியிருக்கலாம்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் நான் கேட்பது இதுதான். புது நோய் பற்றிய செய்தியில் சதவீதம் போடும்போதெல்லாம், அந்தச் சதவீதத்துக்குக் கீழேயே ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். எத்தனை பேரில் எத்தனை பேர் இறந்தார்கள், இன்னும் எத்தனை பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள், எண்ணியது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டுமா, எப்படித் தொற்றுகிறது, காய்ச்சலுக்கு முன்பே பரப்புவாரா பின்பா, தொற்றி எத்தனை நாளில் தெரியும். இதில் எதற்காவது அன்றைக்குப் பதில் இல்லை என்றால் ‘இன்னும் தெரியவில்லை’ என்றே போடுங்கள். அதைப் படித்து யாரும் பயப்பட மாட்டார்கள். இறப்பு எண்ணை முதல் நாளிலும் பத்தாவது நாளிலும் இருபதாவது நாளிலும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், அது ஏறியதா இறங்கியதா, ஏன் என்று வாசகர்களே கவனிக்கத் தொடங்குவார்கள். மாவட்டச் சுகாதார அலுவலரைத் தொலைபேசியில் பிடித்தால் இந்த ஆறு கேள்விக்கும் ஐந்து நிமிடத்தில் பதில் வாங்கிவிடலாம். உங்கள் நிருபர்கள் அவரிடம் ‘எத்தனை பேர் பலி’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள்.

கேரளத்தில் நிபா இதுவரை பெரும்பாலும் மே முதல் செப்டம்பருக்குள்தான் தலைகாட்டியிருக்கிறது. நீலகிரி, கோவைப் பதிப்புகளில் ஏப்ரல் மாதமே ஒரு அரைப் பக்கம் ஒதுக்கி, கேரளத்து மருத்துவமனைகளில் துணைக்கு இருந்துவிட்டு வருபவர்கள் என்ன கவனிக்க வேண்டும், காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை 104 உதவி எண்ணோடு வெளியிடுங்கள். அதில் சரிபார்க்க வேண்டியது ஏதாவது இருந்தால், அந்த அரைப் பக்கத்தை அச்சுக்கு முன்பு படித்துத் தர நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர்,
பந்தலூர், நீலகிரி மாவட்டம்.